அவரவர் நியாயம் அவரவருக்கா? எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்பவை

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிய கையோடு, நண்பர் ஒருவரின் அச்சக மாடியில் கூடி அறம், தத்துவம் என்று எதையாவது எடுத்துப் பேசுகிறோம். தத்துவத்தில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை, தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர், தாதி, வக்கீல் குமாஸ்தா என்று கலவையான கூட்டம். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் வாட்ஸ்அப்பில் மைத்துனரோடோ பழைய பள்ளித் தோழரோடோ மோதிவிட்டு அந்தச் சூட்டோடு படியேறுகிறார்கள். கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விகள்: நல்லது கெட்டது ஆளுக்கு ஆள் வேறா, அதைப் பற்றி விவாதித்து என்ன பயன்? ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாமே என்று எழுதி வைத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. சிலர் இவற்றை ஒப்புக்கொள்வதில்லை. வந்தால் அவர்களே சொல்வார்கள்.

அறச் சார்புவாதம் என்றால் என்ன?

எல்லாருக்கும் பொதுவான நல்லது கெட்டது என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு சமூகத்தின் வழக்கமோ ஒவ்வொருவரின் மனப்போக்கோதான் அதைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து. பழைய கருத்துதான். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான புரோத்தகோரஸ், மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்றார். நம் காலத்துக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட். அறம் என்பது ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட பழக்கங்களுக்கு நாம் வைத்த வசதியான பெயர், அவ்வளவுதான் என்ற பொருளில் 1934இல் எழுதினார்.

ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறதே, அதுவே போதுமான சான்று இல்லையா?

போதாது. வழக்கம் மாறுகிறது என்பது கண்ணால் பார்க்கிற செய்தி. ‘ஆகவே எந்த வழக்கத்தையும் தப்பென்று சொல்ல முடியாது’ என்பது அந்தச் செய்தியிலிருந்து தானாக வந்துவிடாது. இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு நோய்க்கு இரண்டு காரணம் சொல்வதால் அந்த நோய்க்குக் காரணமே இல்லை என்று ஆகிவிடுமா?

இந்த விஷயத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டும் கதை பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது. பாரசீக மன்னன் தாரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, எவ்வளவு பணம் கொடுத்தால் செத்துப்போன அப்பாவின் உடலைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுள்ள இந்தியக் கூட்டத்தார் சிலரை அழைத்து, எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள் என்று கேட்டான். அப்படிப் பேசவே கூடாது என்று அவர்கள் கூச்சல் போட்டார்கள். வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்று கவிஞர் பிண்டார் சொன்னது சரிதான் என்று ஹெரோடோட்டஸ் கதையை முடிக்கிறார்.

எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி படுகிறது. இரு கூட்டமும் பதறியது ஒரே காரணத்துக்காக: பெற்றவரின் உடலை அவமதிக்கக் கூடாது. பினாங்கிலும் இதைப் பார்க்கிறோம். சீனர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங்குக்குக் கல்லறையைப் புல் வெட்டிச் சுத்தம் செய்யப் போகிறார்கள். முஸ்லிம்கள் அடக்கம் செய்கிறார்கள். நாம் எரித்துவிட்டுச் சாம்பலைக் கடலில் கரைக்கிறோம். அம்மாவைக் குப்பையில் போடலாம் என்று சொல்லும் கூட்டம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் எல்லாரும் அடியில் ஒன்றேதான் நினைக்கிறோமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது மேடைப்பேச்சு. உண்மையான வேற்றுமை உண்டு. பார்ப்பதற்குத் தெரிகிற அளவுக்கு இல்லை என்பதுதான் என் கட்சி. தாய்மாமன் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு தம்பி, வேலையிடத்துச் சீனத் தோழி ஒருத்தியிடம் தன் பாட்டி அவருடைய சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கொண்டார் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘சொந்த மாமாவையா? அம்மாவோடு பிறந்தவரையா?’ என்று மறுபடி மறுபடி கேட்டாளாம். இவனுக்குக் கோபம். திருப்பிக் கேட்டதில் ஒன்று தெரிந்தது: அவள் வீட்டில் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள், ரத்த உறவு எதுவும் இல்லாவிட்டாலும், கட்டிக்கொள்வதைப் பாட்டி ஏற்கவே மாட்டார். இவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு இவன் சொன்னது வாந்தி வரும் சங்கதி.

நம் நாட்டுச் சட்டம் இதில் கையாண்ட விதம் பலருக்குத் தெரியாது. 1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் 11ஆம் பிரிவு எந்தெந்த உறவில் திருமணம் கூடாது என்று பட்டியல் போடுகிறது. தாய்மாமன், மருமகள் உறவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்காள் தங்கை மகளையோ தாய்மாமனையோ மணப்பதைத் தடுக்க மாட்டோம் என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது.

சார்புவாதி உடனே ‘பார்த்தீர்களா, அவரவருக்கு அவரவர் சரி’ என்பார். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இதைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு பகுதி மருத்துவம்: நெருங்கிய ரத்த உறவில் பிறக்கும் பிள்ளைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது, தாய்மாமன் மருமகள் உறவில் அந்த நெருக்கம், அத்தை மகன் மாமன் மகள் உறவைப் போல இரண்டு மடங்கு. இதில் தமிழ் நியாயம், சீன நியாயம் என்று இரண்டு கிடையாது. இன்னொரு பகுதி பெண்ணின் சம்மதம்: 16 வயதுப் பெண்ணிடம் ‘மாமா உரிமைக்காரர்’ என்று சொல்லிக் கட்டி வைத்தார்களா, அவளாக விரும்பினாளா? எங்கள் தாதி அக்கா கேட்டது இதைத்தான். அதற்கு அந்தச் சீனப் பெண்ணும் நம் பாட்டியும் ஒரே பதிலைச் சொல்லக்கூடும். இவை இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அருவருப்பு. அதற்கு மட்டும் ‘அவரவர் பழக்கம்’ என்ற விளக்கம் பொருந்தும் என்று நினைக்கிறேன். முழுச் சண்டைக்கும் பொருந்தாது.

நம் நாட்டில் சட்டமே ஆளுக்கு ஒன்றாக இருக்கிறதே?

இருக்கிறது. முஸ்லிம் ஆண் ஷரியா நீதிமன்ற அனுமதியோடு நான்கு பேர் வரை மணக்கலாம். மற்றவர்கள், மேலே சொன்ன சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்ததிலிருந்து, ஒருவரைத்தான் மணக்கலாம். அதற்கு முன் வழக்கப்படி இரண்டு மூன்று தாரம் கட்டிய சீனர்களும் தமிழர்களும் இங்கே இருந்தார்கள். பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி வரை அறமாக இருந்தது விடிந்ததும் அதர்மமாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. சட்டம் எதை அனுமதிக்கிறது என்பது ஒரு கேள்வி, எது நியாயம் என்பது வேறு. இங்கே பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு, பிறந்ததிலிருந்தே இரண்டு சட்டத்தோடு வாழ்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சூழ்நிலைக்குத் தகுந்தபடி நடப்பதும் சார்புவாதம்தானே?

இல்லை. அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. வள்ளுவர் 292ஆம் குறளில் ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்கிறார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தகும். இதைக் காட்டி ‘வள்ளுவரே சார்புவாதி’ என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய குறளையும் படிக்க வேண்டும்: யாருக்கும் தீங்கு இல்லாத சொல்லே வாய்மை என்கிறார். தீங்கு செய்யாதே என்ற அளவுகோல் அப்படியே நிற்கிறது. அதை வைத்து அளக்கும்போது இடத்துக்கு இடம் விடை மாறுகிறது. சார்புவாதம் அந்த அளவுகோலே ஊருக்கு ஊர் வேறு என்று சொல்லும் கட்சி.

சமணர்களின் அநேகாந்தவாதம் சார்புவாதம்தானே?

பல கோணம் உண்டு, எந்தக் கூற்றும் ஒரு கோணத்திலிருந்து சொன்னதே என்று சமணம் சொல்வது உண்மை. அதைச் சொன்னவர்கள்தான் கொல்லாமையில் துளியும் விட்டுக்கொடுக்காதவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பினாங்கு மாதிரி ஊரில் சார்புவாதம் நல்ல கொள்கைதானே? சண்டை வராமல் இருக்குமே?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பிட் ஸ்ட்ரீட்டில், இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், நடந்து பாருங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலிருந்து புறப்பட்டு, குவான் யின் கோயில் ஊதுபத்திப் புகையைத் தாண்டி, பக்கத்துத் தெருவில் 1833இன் மகாமாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர ஒரு தே குடிக்கிற நேரம்கூட ஆகாது. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ்டவுனைச் சேர்த்ததற்கு இப்படிப் பல சமயங்கள் அருகருகே வாழ்வதும் ஒரு காரணம்.

ஆனால் அந்தத் தெருவில் யாரும் சார்புவாதி இல்லை. பள்ளிவாசலுக்குப் போகிறவர் தன் மார்க்கமே உண்மை என்று நம்புகிறார்; தேவாலயத்துக்குப் போகிறவரும் அப்படியே. அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற எண்ணம் இல்லை. ஊர்வலத்துக்குச் சாலையை விட்டுக்கொடுப்பது, அடுத்தவர் வாசலை மறித்து வண்டியை நிறுத்தாதது, சாவு வீட்டுக்கு மதம் பார்க்காமல் போவது போன்ற பொது நியாயங்கள். அவை சார்பானவை என்று சொன்னால் நாளைக்கே தெரு கெட்டுவிடும்.

‘அவரவர் நியாயம் அவரவருக்கு’ என்று மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) சொல்பவர் பெரும்பாலும் தத்துவம் பேசவில்லை. பேச்சை இத்தோடு விடுங்கள், ரொட்டி சானாய் ஆறிப்போகிறது என்கிறார். மரியாதையாக அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டு மறுக்கக் கிளம்பினால் அவருக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு.

கொள்கையாகவே சொல்பவரும் உண்டு. அவரிடம் ஒரு கேள்வி போதும்: ‘அடுத்தவர் வழக்கத்தில் தலையிடக் கூடாது’ என்பது எல்லாருக்குமான விதியா? ஆம் என்றால் பொதுவான அறம் ஒன்றாவது இருக்கிறது. இல்லை என்றால், தலையிடுவதையே வழக்கமாகக் கொண்ட கூட்டத்தை அவர் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1972இல் இந்த முரணைப் பிடித்துக் காட்டினார்.

வழக்கத்தை எதிர்த்தவர்களை என்ன சொல்வது?

எனக்குச் சார்புவாதம் ஒத்துவராததற்கு இதுதான் பெரிய காரணம். 1929 டிசம்பரில் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்து இறங்கிச் சாதிக்கும் சடங்குக்கும் எதிராகப் பேசினார். 1947இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். கூலிநாள் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போவது அன்றைக்குத் தோட்டத்து வழக்கம். சமூகத்தின் வழக்கமே அறம் என்றால் அந்த இளைஞர்கள் அறம் தவறியவர்கள், கள்ளு விற்றவர் நியாயஸ்தர். இதை வாயால் சொல்ல எனக்குக் கூசுகிறது. சார்புவாதிகளுக்கும் கூசும்; அப்போது வேறு விளக்கம் தேடுவார்கள்.

மனித உரிமை மேற்கத்தியச் சரக்கு என்கிறார்களே?

1947இல் அமெரிக்க மானுடவியல் சங்கமே ஏறக்குறைய அப்படித்தான் எச்சரித்தது: மேற்கின் விழுமியங்களை உலகத்துக்கே பொது என்று எழுதிவிடாதீர்கள். மறு ஆண்டு டிசம்பர் 10 அன்று ஐ.நா. பிரகடனம் 48 நாடுகளின் ஆதரவோடு, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ள, நிறைவேறியது. அப்போது மலாயா பிரிட்டிஷார் கையில் இருந்தது. நம்மை யாரும் கேட்கவில்லை. அந்தக் குறை நியாயமானது.

1990களில் நம் பிரதமர் மகாதீரும் சிங்கப்பூரின் லீ குவான் இயூவும் ‘ஆசிய விழுமியங்கள்’ என்று பேசினார்கள். 1997இல் அந்தப் பிரகடனத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார் மகாதீர். அதே ஆண்டு அமர்த்தியா சென் பதில் எழுதினார்: ஆசியா ஒன்றா? அசோகரும் ஆசியர், கௌடில்யரும் ஆசியர். இருவரில் யாருடையது ஆசிய விழுமியம்? என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். ‘எங்கள் பண்பாடு வேறு’ என்று பேசுபவர் யார் என்று பாருங்கள். அடி வாங்குகிறவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தத்துவம் படித்தவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

2020இல் உலகெங்கும் உள்ள தத்துவப் பேராசிரியர்களிடையே நடந்த பெரிய கருத்தெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அறத்தில் உண்மை உண்டு என்ற பக்கம் சாய்ந்தார்கள்; 26 விழுக்காட்டினர் மறுபக்கம். வாக்கெடுப்பால் உண்மை தீராது. ‘படித்தவர்கள் எல்லாருமே சார்புவாதிகள்’ என்று சொல்பவருக்குப் பதிலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்புவாதம் பேசும் சிறுபான்மையை லேசாக எடைபோடவும் கூடாது. அமெரிக்கத் தத்துவவாதி கில்பர்ட் ஹார்மன் 1975இல் எழுதிய வாதம் கூர்மையானது: ஒருவர் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குள் நின்றுதான் ‘நீ இப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்று அவரிடம் சொல்ல முடியும். டேவிட் வாங் அளவான சார்புவாதம் ஒன்றை முன்வைக்கிறார். சேர்ந்து வாழ வேண்டிய மனிதர்களுக்குப் பொருந்தும் அறமுறைகள் பல இருக்கலாம், ஆனால் எதுவும் பொருந்தும் என்று இல்லை. நான் சார்புவாதி ஆனால் இந்த வகையாகத்தான் ஆவேன்.

போனில் விவாதித்தால் ஏன் எதுவும் முடிவதில்லை?

அறத்துக்கு விடை இல்லாததால் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போனில் வாடகை பற்றிப் பேசினாலும் முடிவதில்லையே!

பழைய நியாய சாஸ்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரித்தது. உண்மையைத் தெரிந்துகொள்ள இருவர் பேசுவது வாதம். ஜெயிக்க மட்டும் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சி இல்லாமல் எதிராளியை உடைப்பது மட்டுமே வேலையாக இருப்பது விதண்டை. நூறு பேர் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் வாதமாகத் தொடங்கியது சீக்கிரமே ஜல்பமாகிவிடும், ஏனென்றால் நீங்கள் பேசுவது மைத்துனரிடம் இல்லை, வேடிக்கை பார்க்கும் சித்தப்பாக்களிடம். அவர்கள் முன் தோற்க யாருக்கு மனம் வரும்?

2016இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘என் கருத்தை மாற்றிக் காட்டுங்கள்’ என்று தாமாகவே கேட்டு வருபவர்களின் இணைய விவாதங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். கொஞ்சம் மாறி மாறிப் பேசுவது பயன் தருகிறது. ஐந்து சுற்றைத் தாண்டினால் மனம் மாறும் வாய்ப்பு அநேகமாகப் போய்விடுகிறது. மாறத் தயாராக வந்தவர்களுக்கே இந்தக் கதி. மாறத் தயாராக இல்லாத உங்கள் மைத்துனரிடம் 40ஆவது செய்தியை ராத்திரி ஒரு மணிக்குத் தட்டச்சு செய்வதில் என்ன லாபம்?

மறுபக்கமும் உண்டு. மெர்சியே, ஸ்பெர்பர் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2011இல் சொன்னது: நம் சொந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நாம் சோம்பேறிகள், அடுத்தவர் வாதத்தில் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரர்கள். ஆகவே தனியாக யோசிப்பதைவிடச் சிலர் கூடிப் பேசினால் பல சமயம் நல்ல முடிவு வருகிறது. விவாதமே வீண் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை.

தமிழில் இதற்கு விதிமுறையே இருந்தது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன், சமயவாதிகளே, பட்டிமண்டபத்தில் முறை அறிந்து ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு, ‘பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்’ என்கிறான். பிடிக்காதவர்களோடு இருக்க நேர்ந்தாலும் பகையும் சண்டையும் செய்யாமல் விலகுங்கள். விலகுவதையும் சேர்த்தே விதியாக்கியிருக்கிறார்கள், பாருங்கள்.

பேசி மனம் மாறியவர் யாராவது உண்டா?

உண்டு, மெதுவாக. ஒரு முறை பேச்சு ரோத்தானுக்குப் போனது. மளிகைக்கடையில் வண்ணப் பிளாஸ்டிக் பிடியோடு கொத்தாகத் தொங்குமே, அந்தப் பிரம்பு. ஷிப்ட் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னார்: ‘எங்க காலத்துல அடிச்சுத்தான் வளர்த்தாங்க. அந்தக் காலத்துக்கு அது சரி, இந்தக் காலத்துக்கு இது சரி.’ காலத்தை வைத்துச் சொன்ன சார்புவாதம்.

ஆசிரியை அக்கா எதிர்வாதம் செய்யவில்லை. ‘அப்பா அடிச்சப்ப எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தம்பி?’ என்று கேட்டார். அண்ணன் யோசித்து, ‘பாதி நேரம் தெரியாது’ என்றார். ‘தெரியாதப்ப என்ன தோணும்?’ ‘அநியாயம்னு தோணும்.’ அக்கா அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கோப்பியை எடுத்துக்கொண்டார். எட்டு வயதிலேயே, அந்தக் காலத்திலேயே, அவருக்கு அது அநியாயமாகப் பட்டிருக்கிறது. அன்றைக்கு அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சில மாதம் கழித்து வேறு எதையோ பேசும்போது, வீட்டில் இப்போது பிரம்பு இல்லை என்று போகிறபோக்கில் சொன்னார். இதையே குழுவில் எழுதியிருந்தால் அவருக்குப் பத்து கட்டைவிரலும் பிரம்புக்கு ஆதரவாக ஒரு பழமொழிப் படமும் கிடைத்திருக்கும்.

‘அது உங்கள் கருத்து’ என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்?

‘ஆமாம், என் கருத்துதான். சரியா தப்பா என்று சொல்லுங்கள்.’ சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பதில் வந்தால் தொடருங்கள். தோள் குலுக்கினால் விட்டுவிடுங்கள்.

மதம் பற்றிப் பேசலாமா?

மாடியில் பேசலாம், அளவோடு. போனில் வேண்டாம். இனம், மதம், அரச பரம்பரை என்ற மூன்றும் இங்கே நெருப்பு. 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு கடுமையாகப் புண்படுத்தும் பதிவுகளுக்குப் பாய்கிறது. தத்துவம் பேசினேன் என்பது அங்கே வாதமாக எடுபடாது. குமாஸ்தா தம்பி இதை எல்லாருக்கும் ஒரு முறை சொல்லிவிடுவான்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

எதிரில் இருப்பவர் சொன்னதை அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி உங்களால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இன்னும் பேசலாம். இரண்டு முறை முயன்றும் முடியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நீங்கள் சொன்னதை அவர் அப்படித் திருப்பிச் சொல்ல மறுத்தாலும் அவ்வளவுதான்.

வருவதற்கு எதையாவது படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நடந்த ஒரு சம்பவத்தோடு வந்தால் போதும்: வாடகை, வரதட்சணை, முதியோர் இல்லம், அலுவலகத்தில் யாரோ செய்த காரியம், எதுவானாலும். ‘அறம் என்றால் என்ன’ என்று தொடங்குபவர்களை முதலில் ஓர் உதாரணம் சொல்லச் சொல்வோம். போனைப் படிக்கட்டுப் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். ஆன் கால் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. கோப்பிக் காசு அவரவருடையது.